நகர்த்தெரு ஒளிப்படக் கூட்டில் நிலமும் பொழுதும்: நியூயார்க் தெருக்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஓரிடத்தில் எடுக்கப்பட்ட மாடலின் உருவத்தை வேறோரிடத்தில் எடுக்கப்பட்ட தெருக்காட்சியோடு இணைப்பது இன்றைய படைப்புசார் ஒளிப்படக்கலையில் பரவலான வழக்கம். இணைப்பின் பொருத்தம் வெட்டு விளிம்பின் தூய்மையைவிட, உருவம் தரையைத் தொடும் இடத்தைச் சார்ந்தே அமைகிறது என்பதை நியூயார்க் தெருக்களைக் களமாகக் கொண்ட ஆக்கங்களின் துணையுடன் இக்கட்டுரை விளக்குகிறது. அத்தெருக்களில் உண்மையாகவே நின்றவர்களுக்கு இக்கலையில் என்ன நேர்கிறது என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஒளிப்படக் கூட்டு, நகர்த்தெரு, தொடுவானம், நிழல், முதற்பொருள், இசைவு

முன்னுரை

மனித உருவம் பதிந்த முதல் ஒளிப்படமாகப் பொதுவாகக் குறிக்கப்படுவது ஒரு நகர்த்தெருக் காட்சியாகும். 1838இல் லூயி தாகேர், பாரிசு நகரின் பூல்வார் து தாம்ப்ல் என்னும் அகன்ற தெருவை மேல்மாடிச் சாளரத்திலிருந்து படமெடுத்தார். மக்களும் வண்டிகளும் ஓயாமல் செல்லும் தெரு அது. ஆயினும் ஒளிபடும் நேரம் பல நிமிடங்கள் நீண்டமையால், நகர்ந்துகொண்டிருந்த எவரும் தகட்டில் பதியவில்லை. காலணிக்கு மெருகிட்டுக்கொள்வதற்காக ஒரு காலைத் தூக்கிவைத்து அசையாமல் நின்ற ஒருவரின் உருவமே தெளிவாகப் பதிந்தது. வெட்டும் ஒட்டும் நிகழாத அப்படத்திலேயே ஒரு தெரிவு நிகழ்ந்துவிட்டது: நின்றவர் எஞ்சினார், நடந்தவர் அழிந்தனர்.

இன்று அத்தெரிவைக் கலைஞரே செய்கிறார். மாடலை ஸ்டூடியோவில் ஒருவண்ணத் திரைமுன் நிறுத்திப் படமெடுத்து, பின்னணியை நீக்கி, வேறொரு நாளில் எடுத்த தெருக்காட்சியின் மேல் அவ்வுருவத்தை அமைப்பது ஆடை விளம்பரம், நூலட்டை, திரைப்படச் சுவரொட்டி, தனிக்கலைப் படைப்பு ஆகிய அனைத்திலும் காணப்படுகிறது. இதுபற்றிய தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் மென்பொருள் கற்பிக்கும் கையேடுகளாகவே உள்ளன. எக்கருவியை எப்போது அழுத்துவது என்பதை அவை கூறுகின்றன. ஓர் உருவம் ஓர் இடத்தில் ‘இருக்கிறது’ என்று கண் எதனால் நம்புகிறது என்னும் வினாவை அவை தொடுவதில்லை. அவ்வினாவே இக்கட்டுரையின் மையம்.

பெயரிடுதலில் உள்ள இடர்

இக்கலைக்கு நிலைத்த தமிழ்ப் பெயர் இல்லை. ஸ்டூடியோக்களில் ‘பேக்ரவுண்ட் மாற்றுதல்’ என்பர். நாளிதழ்களில் ‘மார்பிங்’ என்னும் சொல் வழங்குகிறது. மார்பிங் என்பது முறைப்படி ஓர் உருவம் படிப்படியாக மற்றோர் உருவமாக மாறுவதைக் குறிக்கும் தொழில்நுட்பச் சொல். தமிழ்ச் செய்தி வழக்கில் அது, ஒரு பெண்ணின் முகத்தை வேறோர் உடலோடு பொருத்தி அவரை அச்சுறுத்தும் குற்றத்திற்கே பெயராகிவிட்டது. இப்பொருள் மாற்றத்தைப் பிழையெனத் தள்ளிவிட இயலாது. இத்தொழில்நுட்பம் தமிழ்ச் சமூகத்தில் பலருக்கு முதன்முதலில் அறிமுகமானது அச்சத்தின் வழியாகவே என்பதற்கு அச்சொல் சான்று. எனினும், மாடலின் முழு ஒப்புதலோடு கலைநோக்கில் செய்யப்படும் ஆக்கத்தையும் அதே சொல்லால் குறிப்பது ஆய்வுக்குத் தடையாகும். ஆகவே ‘ஒளிப்படக் கூட்டு’ என்னும் தொடரையும், அதனைச் செய்பவரைக் குறிக்கக் ‘கூட்டுநர்’ என்னும் சொல்லையும் இக்கட்டுரை கையாள்கிறது.

முன்வரலாறு

கூட்டு, கணிப்பொறியோடு பிறந்ததன்று. 1850களில் வழங்கிய கொலோடியன் தகடுகள் நீல ஒளியை மிகையாக ஏற்றன. அதனால் கடலுக்குரிய ஒளியளவில் வானம் வெளிறிப்போயிற்று. பிரெஞ்சுக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒன்றும் வானுக்கு ஒன்றுமாக இரு எதிர்த்தகடுகளை இணைத்து அச்சிட்டார். ஆஸ்கர் ரெய்லாண்டர் 1857இல் முப்பதுக்கும் மேற்பட்ட எதிர்த்தகடுகளைக் கொண்டு ‘வாழ்வின் இருவழிகள்’ என்னும் படத்தை உருவாக்கி மான்செஸ்டர் கலைக் கண்காட்சியில் வைத்தார். ஹென்றி பீச் ராபின்சன் 1858இல் ஐந்து எதிர்த்தகடுகளை இணைத்து, நோயுற்று இறக்கும் இளம்பெண் ஒருத்தியைக் காட்டினார். படத்தில் இறந்துகொண்டிருந்தவர் உடல்நலமுள்ள மாடலே. மாடல், கூட்டு என்னும் இரண்டும் இணைந்து நடப்பது இவ்வளவு பழைமையானது.

தெரு இக்கலைக்குள் முனைப்புடன் நுழைந்தது 1920களில். ஜெர்மனியின் பௌஹௌஸ் பள்ளியில் பயின்ற பால் சித்ரோன் 1923இல் ‘மெட்ரோபோலிஸ்’ என்னும் ஒட்டோவியத்தில் கட்டடப் படங்களை நெருக்கமாக அடுக்கி, வானமும் தரையும் இல்லாத நகரத்தைப் படைத்தார். அப்பள்ளியிலேயே பயின்று பின்னர் அர்ஜென்டினாவில் குடியேறிய கிரெத்தெ ஸ்டெர்ன், 1948 முதல் 1951 வரை ‘இதிலியோ’ என்னும் பெண்கள் இதழுக்காகக் கூட்டுப் படங்களை உருவாக்கினார். வாசகியர் எழுதியனுப்பிய கனவுகளுக்கு உருவம் தந்த அப்படங்களுக்கு அவருடைய நண்பர்களும் வீட்டாருமே மாடல்களாயினர். ஃபோட்டோஷாப் 1990இல் வெளிவந்தது. அதன் மூன்றாம் பதிப்பில், 1994இல், அடுக்குகள் அறிமுகமாயின. அதன்பின் கத்தரியும் பசையும் செய்த பணியை எலியும் விசையும் செய்கின்றன. கண்ணின் எதிர்பார்ப்பு மட்டும் மாறவில்லை.

இவ்வரலாற்றில் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கம் தனித்துக் கவனிக்கத்தக்கது. 1926ஆம் ஆண்டையொட்டி உருசியக் கலைஞர் எல் லிஸ்ஸிட்ஸ்கி ‘நகரத்தில் ஓடுபவர்’ என்னும் கூட்டை ஆக்கினார். தடைதாண்டும் விளையாட்டு வீரர் ஒருவர், இரவில் ஒளிரும் டைம்ஸ் சதுக்க விளம்பரங்களின் முன் பாய்கிறார். அப்பின்னணி லிஸ்ஸிட்ஸ்கி எடுத்ததன்று. டேனிஷ் கட்டடக்கலைஞர் க்னூத் லோன்பெர்க்-ஹோம் ஒரே தகட்டில் இருமுறை ஒளியேற்றி எடுத்த இரவுப்படம் அது. கட்டடக்கலைஞர் எரிக் மெண்டல்சோனின் ‘அமெரிக்கா’ நூலில் அது இடம்பெற்றது. ஆக, வீரர் ஓரிடம், தெரு வேறிடம், ஒளி மூன்றாவது கணக்கு. இருந்தும் அப்படம் இன்றும் கண்ணை உறுத்துவதில்லை. அதற்கு ஒரு காரணம் எளியது: தாவும் கணத்தில் வீரரின் கால்கள் தரையில் இல்லை. அவர் எத்தரைக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நிலமும் பொழுதும்

தொல்காப்பிய அகத்திணையியல் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. கருவும் உரியும் அவற்றின் மேல் அமைவன. திணைகள் மயங்குவதை அந்நூல் விலக்கவில்லை. ஆயினும் நிலங்கள் ஒருங்கே மயங்குவதை அது ஏற்பதில்லை. எனவே மயக்கம் பொழுதின்பாற்படும் என்று உரைவழிக் கொள்ளப்படுகிறது. இன்றைய தொழில்நுட்பம் யாவும் தொல்காப்பியத்தில் உண்டென்று நிறுவுவது இங்கு நோக்கமன்று. அவ்வகை நிறுவல்கள் தமிழில் தேவைக்கு மேல் உள்ளன. கவிதைப் பொருளுக்குச் செய்த அப்பாகுபாடு, கூட்டுப் படங்களைப் பிரித்துக் காண்பதற்கு வசதியாக இருக்கிறது என்பதே கருத்து.

அவ்வழியில் நகர்த்தெருக் கூட்டுகள் இருவகையாகப் பிரியும். நிலம் ஒன்றாகவும் பொழுது பலவாகவும் உள்ளவை ஒருவகை. ஒரே தெருமுனையில் பல நாள் எடுத்த படங்களை ஒன்றாக்குவது இதில் அடங்கும். நிலமே இரண்டாக உள்ளவை மற்றொரு வகை. ஸ்டூடியோவில் நின்ற மாடலைத் தெருவில் நிறுத்துவது இவ்வகை. முன்னதில் தரை ஒன்றாதலால் கண் எளிதில் இணங்குகிறது. பின்னதில் கூட்டுநர் இரண்டு தரைகளை ஒன்றாக்க வேண்டியுள்ளது. இடர் அனைத்தும் அங்கேதான்.

கால் ஊன்றும் இடம்

புதிதாகப் பயில்வோர் தம் உழைப்பில் பெரும்பகுதியைத் தலைமுடியின் விளிம்பில் செலவிடுகின்றனர். முடி ஒவ்வொன்றும் பிரிந்து தெரியுமாறு வெட்டப்பட்ட பின்னும், மாடல் தெருவில் நிற்காமல் தெருவின் முன் தொங்குவதாகத் தோன்றும். பிழை தலையில் இருப்பதில்லை; காலில் இருக்கும். அதற்கு முன்பே, கேமராவின் உயரத்தில் இருக்கும்.

சமதரையில் நின்று எடுக்கப்பட்ட எப்படத்திலும் தொடுவானக் கோடு கேமராவின் உயரத்திலேயே அமையும். கேமரா தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தால், அருகில் நிற்பவரையும் நூறு மீட்டர் தொலைவில் நிற்பவரையும் அக்கோடு அவரவர் உடலின் 1.5 மீட்டர் உயரத்திலேயே கடக்கும். தெருவில் கட்டடங்கள் தொடுவானத்தை மறைத்தாலும், சாளர வரிசைகளும் நடைபாதை விளிம்புகளும் நீட்டினால் கூடும் புள்ளியைக் கொண்டு அக்கோட்டைக் கண்டறியலாம். இதிலிருந்து உருவத்தின் அளவும் கிடைக்கிறது. மாடலின் உயரம் 1.65 மீட்டர் எனக் கொள்வோம். அவர் கால் படும் புள்ளி தொடுவானத்திற்கு 600 பிக்சல் கீழே இருந்தால், அவருடைய உருவம் 600 பெருக்கல் 1.65 வகுத்தல் 1.5, அதாவது 660 பிக்சல் இருக்க வேண்டும். அவரைத் தெருவின் உட்புறம் நகர்த்திக் கால் 300 பிக்சல் கீழே வருமாறு வைத்தால், உருவம் 330 பிக்சலாகும். இரு நிலைகளிலும் தொடுவானம் அவருடைய மூக்கை ஒட்டியே செல்லும். கண்ணளவில் சிறிதாக்குவதும் பெரிதாக்குவதும் தேவையில்லை. கணக்கு அதனைத் தீர்த்துவிடுகிறது.

ஆடை விளம்பர ஸ்டூடியோவில் கேமராவை மாடலின் இடுப்பளவில், ஏறத்தாழ 1 மீட்டர் உயரத்தில் வைப்பது வழக்கம். கால்கள் நீண்டு தோன்றும் என்பதற்காகவே அவ்வாறு செய்கின்றனர். அப்படத்தின் தொடுவானம் மாடலின் இடுப்பில் உள்ளது. நின்றபடி எடுத்த தெருக்காட்சியின் தொடுவானமோ வழிப்போக்கரின் முகத்தில் உள்ளது. இரண்டையும் சேர்த்தால் ஒரே படத்தில் இரண்டு தொடுவானங்கள். தலையளவைப் பொருத்தினால் கால் பொருந்தாது. காலைப் பொருத்தினால் அவர் பள்ளத்தில் நிற்பவராகவோ மேட்டில் நிற்பவராகவோ தெரிவார். தொலைவும் அவ்வாறே. 1.5 மீட்டர் உயரக் கேமரா, 2.5 மீட்டர் தொலைவில் நிற்பவரின் காலணியை ஏறத்தாழ 31 பாகைச் சாய்வில் மேலிருந்து காண்கிறது. 6 மீட்டர் தொலைவில் நிற்பவரின் காலணியை 14 பாகையில் காண்கிறது. முதல் காலணியில் மேற்புறம் நிறையத் தெரியும். இரண்டாவதில் முனையே மிகுதியாகத் தெரியும். இவ்வேறுபாட்டை எந்த மென்பொருள் சுருக்கத்தாலும் சரிசெய்ய இயலாது. மாடலைப் படமெடுக்கும் முன்பே தெருவை எடுத்துவிடுவதும், அங்கே கேமரா இருந்த உயரத்தையும் கணித்த தொலைவையும் குறித்துவைத்து ஸ்டூடியோவில் பின்பற்றுவதுமே வழி. கூட்டுநர் மாடலைத் தெருவில் சேர்ப்பதாக எண்ணுகிறார். உண்மையில் அத்தெருவைப் பார்த்த கண் இருந்த இடத்திலேயே மாடலைப் பார்க்கும் கண்ணையும் வைக்கிறார்.

இனி நிழல். டேனியல் கெர்ஸ்டன், பாஸ்கல் மமாசியன், டேவிட் நில் ஆகியோர் 1997இல் வெளியிட்ட ஆய்வு இங்குக் கருதத்தக்கது. ஒரு பெட்டிக்குள் பந்தொன்று நகர்வதாக அவர்கள் அசைபடம் உருவாக்கினர். பந்தின் பாதை மாறவேயில்லை. அதன் நிழலின் பாதை மட்டும் மாற்றப்பட்டது. நிழல் பந்தை ஒட்டிச் சென்றபோது பந்து தரையில் உருண்டு பின்னோக்கிச் செல்வதாகவும், நிழல் விலகிச் சென்றபோது அது மேலெழும்பி மிதப்பதாகவும் பார்வையாளர் கண்டனர். ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்பதைப் பொருளைவிட அதன் நிழலே கூறிற்று.

இதற்கு மறுதலையாகத் தோன்றும் மற்றொரு முடிவும் உண்டு. யூரி ஆஸ்ட்ரோவ்ஸ்கி, பாட்ரிக் கவானா, பவன் சின்கா ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், பல பொருள்கள் அடங்கிய காட்சியில் ஒன்றின்மேல் மட்டும் ஒளி வேறு திசையிலிருந்து விழுவதைப் பார்வையாளர் எளிதில் கண்டுபிடிக்கவில்லை என்பது வெளிப்பட்டது. அதாவது, மாடலின் கன்னத்தில் ஒளி இடப்புறமும் கட்டடத்தில் வலப்புறமும் இருந்தால்கூடக் கண் பெரும்பாலும் பொறுத்துக்கொள்கிறது. காலடியில் நிழல் இல்லாவிடில் பொறுப்பதில்லை. இவ்விரு முடிவுகளையும் சேர்த்து நோக்கினால், கூட்டுநர் தம் நேரத்தை எங்கே செலவிட வேண்டும் என்பது தெளிவாகிறது.

காலடி நிழல் இருவகைப்படும். காலணிக்கும் தரைக்கும் இடையிலுள்ள இடுக்கில் எவ்வொளியும் புகாமையால் தோன்றும் மெல்லிய கருங்கோடு ஒன்று. இதனை ஒட்டுநிழல் எனலாம். மேகம் மூடிய நாளிலும், வேறு நிழலே இல்லாத போதும், இது இருக்கும். கதிரவனோ விளக்கோ உருவத்தின் மேல் பட்டு நீளும் வீழ்நிழல் மற்றொன்று. வீழ்நிழல் காலடியில் கூர்மையாகவும் தொலைவில் மங்கியும் இருக்கும். கதிரவன் வானில் ஏறத்தாழ அரைப்பாகை அகலம் கொண்டிருப்பதே இதற்குக் காரணம்: நிழல் எழுப்பும் விளிம்பு நிழல் விழும் இடத்திலிருந்து 1 மீட்டர் விலகினால் 9 மில்லிமீட்டர் அளவுக்கு மங்கல் கூடும். கதிரவன் 45 பாகை உயரத்தில் இருக்கையில், மாடலின் தலைநிழல் 2 சென்டிமீட்டருக்கு மேல் மங்கியிருக்கும். குதிகாலின் நிழலோ கத்திமுனைபோல் இருக்கும். நிழல் முழுவதையும் ஒரே அளவில் மங்கச் செய்வது கையேடுகள் கற்பிக்கும் பொதுப்பிழை. நிழல் நடைபாதை விளிம்பைக் கடக்குமிடத்தில் முறிந்து, செங்குத்து முகத்தில் ஏறி, மீண்டும் கிடையாக வேண்டும் என்பதும் அடிக்கடி மறக்கப்படுகிறது.

மழை நனைத்த தெருவில் வேறொரு கணக்கு. எதிருரு, நிழலைப் போலச் சாயாது. காலுக்கு நேர்கீழே விழும். மாடலின் படத்தைத் தலைகீழாகத் திருப்பி மங்கச் செய்து வைப்பது வழக்கம். ஆனால் நீர்ப்பரப்பில் தெரிவது, தரைக்குக் கீழே கேமராவின் உயரமளவு ஆழத்தில் இருந்து பார்ப்பவர் காணும் உருவம். அதில் தாடையின் அடிப்புறமும் குடையின் உட்புறமும் தெரிய வேண்டும். மாடல் தொலைவில் நின்றால் இவ்வேறுபாடு சிறிது. அருகில் நின்றால் பெரிது.

பொழுதின் கணக்கு

நியூயார்க் தெரு, கூட்டுநரின் பொய்யை வேறெந்த நகரத்தையும்விட விரைவில் காட்டிக்கொடுக்கவல்லது. மன்ஹாட்டன் தீவின் நெடுந்தெருக்கள் கட்டமைப்பாக, வடக்கிலிருந்து கிழக்காக 29 பாகை சாய்ந்து ஓடுகின்றன. எனவே கதிரவன் ஒரு நெடுந்தெருவின் நீளவாக்கில் ஒளி வீசுவது நண்பகலுக்குப் பிந்திய ஒரு பொழுதில்தான். குறுக்குத்தெருவின் நேர்முடிவில் கதிரவன் மறைவது ஆண்டில் இருமுறை, மே இறுதியிலும் சூலையிலும். ஒரு நெடுந்தெருக் காட்சியில் கம்பங்களின் நிழல்கள் நடைபாதைக்கு இணையாக ஓடினால், அப்படம் எடுத்த வேளையை ஊர் அறிந்தவர் ஓரளவு கணித்துவிடுவார். மாடலின் நிழலும் அவ்வேளைக்கு உரியதாக வேண்டும். சமதரையில் செங்குத்தாக நிற்பவற்றின் நிழல்களைப் படத்தில் நீட்டினால் அவை தொடுவானத்தில் ஒரே புள்ளியில் கூடும். மாடலின் நிழல் மட்டும் அப்புள்ளிக்குச் செல்லாவிடில் கூட்டு வெளிப்பட்டுவிடும். தடயவியல் அறிஞர்கள் பயன்படுத்தும் சோதனைகளுள் இத்தகைய நிழல்கோட்டு வடிவியலும் ஒன்று. கண் பொறுத்தாலும் கோல் பொறுப்பதில்லை.

இரவுக் காட்சியில் நிறமே முதன்மை. பழைய சோடிய விளக்கின் மஞ்சளொளி குறுகிய அலைநீள எல்லைக்குள் அடங்குவது. அதன்கீழ் நீலச்சட்டை கருத்துவிடும், சிவப்பு பழுப்பாகும். ஸ்டூடியோ வெள்ளொளியில் எடுத்த மாடலின் மேல் மஞ்சள் பூச்சைப் பூசுவதால் அந்நிலை வந்துவிடாது. நீலச்சட்டை பச்சை கலந்து எஞ்சும். நியூயார்க் நகரம் 2013இல் அறிவித்த திட்டத்தின்படி தெருவிளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்றியது. ஆகவே விளக்கின் நிறமே படத்தின் காலத்தைக் கூறும் சான்றாகிவிட்டது. டைம்ஸ் சதுக்கத்தில் ஒளி கம்பத்திலிருந்து வருவதைவிடச் சுவரளவு திரைகளிலிருந்து வருகிறது. பல திசைகளிலிருந்து, நொடிக்கொரு நிறமாக, கூர்நிழல் இன்றி. லிஸ்ஸிட்ஸ்கியின் ஓட்டக்காரர் ஓடிய அதே இடத்தில் இன்று மாடலை நிறுத்த விரும்புபவர் எந்நொடியின் திரையொளியைப் பின்பற்றுவது என்பதையே முதலில் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

ஒரு நிலம், பல பொழுது

டேனிஷ் கலைஞர் பீட்டர் ஃபுன்ச் 2006ஆம் ஆண்டு தொடங்கி நியூயார்க் தெருமுனைகளில் ‘பாபேல் கதைகள்’ என்னும் தொடரை உருவாக்கினார். ஒரே இடத்தில் பல நாள் நின்று, கடந்து செல்வோரைப் படமெடுத்து, ஒரே செயலைச் செய்தோரை மட்டும் ஒரு சட்டத்துள் சேர்த்தார். ஒரு படத்தில் அனைவரும் கொட்டாவி விடுகின்றனர். மற்றொன்றில் அனைவர் கையிலும் பழுப்புநிற உறை. ஒவ்வொருவரும் அங்கே உண்மையில் நடந்தவர். ஒருவர் அருகில் மற்றவர் நடந்ததுதான் புனைவு. இங்குக் கூட்டுநருக்குத் தொடுவானச் சிக்கல் இல்லை, கேமராவின் உயரம் ஒன்றே. பொழுதை மட்டும் ஒப்பிட்டுத் தேர்ந்தால் போதும். கனடியக் கலைஞர் ஜெஃப் வால் 1993இல் ஆக்கிய ‘திடீர்க் காற்று’ என்னும் படமும் இவ்வழியதே. வான்கூவருக்கு வெளியே ஒரு வெட்டவெளியில் நடிகர்களை நிறுத்தி, ஓராண்டுக்கும் மேலாக எடுத்த நூற்றுக்கும் அதிகமான படங்களை அவர் ஒன்றாக்கினார். அது தெருக்காட்சி அன்று. ஆயினும் பொழுதை ஒப்பிடுவதற்கு ஓராண்டு தேவைப்பட்டது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

நிலம் ஒன்றாக இருப்பதனால் கூட்டு குற்றமற்றதாகிவிடுமா? 2003 மார்ச் மாத இறுதியில் அமெரிக்க நாளிதழ் ஒன்றின் முதற்பக்கத்தில் ஈராக்கின் பாஸ்ரா அருகே எடுக்கப்பட்ட படம் வெளிவந்தது. பிரித்தானியப் படைவீரர் ஒருவர் கையுயர்த்திப் பொதுமக்களை எச்சரிக்க, குழந்தையை ஏந்திய ஒருவர் அவரை நோக்கி வருவதாக அது காட்டிற்று. சில கணங்கள் இடைவெளியில் அதே இடத்தில் எடுத்த இரு படங்களின் கூட்டு அது. பின்னால் அமர்ந்திருந்தோருள் சிலர் இருமுறை தோன்றியதால் உண்மை வெளிப்பட்டது. படமெடுத்தவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். நிலம், மக்கள், வெயில் அனைத்தும் மெய்; வீரரின் கைக்கும் அம்மனிதரின் அசைவுக்கும் இடையிலான உறவு மட்டும் பொய். செய்திப்படம் உரிமை கோருவது அவ்வுறவின் மீதுதான். ஃபுன்சின் படம் அதனைக் கோரவில்லை. தொடர் முழுவதும் இயலாத தற்செயலைக் காட்டித் தன் புனைவைத் தானே அறிவித்துவிடுகிறது. மாடலைத் தெருவில் நிறுத்தும் கூட்டு இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது. மென்பொருள் வரலாற்றைப் படக்கோப்பிலேயே பதியும் உள்ளடக்கச் சான்று முறைகள் 2021 முதல் வகுக்கப்பட்டு வருகின்றன. ஆயினும் அச்சிட்ட தாளில் அப்பதிவு இராது. அங்கே படக்குறிப்பில் ‘கூட்டு’ என்னும் ஒரு சொல்லே போதுமானதும் இன்றியமையாததும் ஆகும்.

உடன் நின்றோர்

மாடல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார். அவருக்குப் பின்னால் தெருவில் நடப்பவர் கையெழுத்திடுவதில்லை. பிலிப்-லோர்கா டிகோர்சியா, டைம்ஸ் சதுக்கத்தில் சாரத்தில் மின்விளக்குகளைப் பொருத்தித் தொலைவிலிருந்து வழிப்போக்கர்களின் முகங்களை அவர்கள் அறியாமல் படமெடுத்தார். ‘தலைகள்’ என்னும் அத்தொடர் 2001இல் காட்சிக்கு வந்தது. அதிலிருந்த முதியவர் ஒருவர் தம் சமயநம்பிக்கைக்கு அது முரண் என்று வழக்குத் தொடுத்தார். 2006இல் நியூயார்க் நீதிமன்றம், அது கலைவெளிப்பாடு என்னும் காரணத்தையும் கால வரம்பையும் கூறி வழக்கைத் தள்ளியது. இத்தொடர் கூட்டு அன்று. ஆயினும் பார்ப்பவர் கூட்டென்றே ஐயுறுவர். முகம் ஒளியில் தனித்திருக்க, தெரு பட்டப்பகலிலும் இருளில் மூழ்கிவிடுகிறது. மேற்கூறிய வாதத்திற்கு இது எதிர்ப்புறச் சான்று: உண்மையில் அத்தெருவில் நடந்தவர், கால்கள் சட்டத்திற்கு வெளியே வெட்டப்பட்டமையால், எவ்விடத்தையும் சாராதவராகிவிட்டார்.

சட்டம் அனுமதித்தது என்பதாலேயே கூட்டுநரின் வினா முடிந்துவிடவில்லை. ஆடை விளம்பரத்தில் பின்னணியாக நிற்கும் வழிப்போக்கர், தாம் அறியாத ஒரு வணிகத்திற்குச் சான்று கூறுபவராகிறார். இதனைத் தவிர்க்கத் தெருவை வெறுமையாக்கும் முறையொன்று வழக்கில் உள்ளது. கேமராவை முக்காலியில் நிறுத்தி, இடைவெளிவிட்டுப் பதினைந்து இருபது படங்கள் எடுத்து, ஒவ்வொரு பிக்சலுக்கும் அவற்றின் நடுமதிப்பைக் கணிப்பொறி தேர்கிறது. ஒரு புள்ளியை வழிப்போக்கர் மறைத்த படங்கள் பாதிக்கும் குறைவாக இருந்தால், அங்கே தெருவின் நிறமே எஞ்சும். நடந்தவர் அனைவரும் மறைந்து, பட்டப்பகலில் ஆளற்ற நியூயார்க் கிடைக்கிறது. தாகேரின் தகடு தன் குறையால் செய்ததை இன்றைய கணக்கு வேண்டியே செய்கிறது.

அன்றுபோலவே இன்றும் நிற்பவர் எஞ்சுகிறார். நடைபாதை விளிம்பில் உணவுவண்டி வைத்திருப்பவர், பேருந்துக்குக் காத்திருப்பவர், சுவரோரம் படுத்திருக்கும் வீடற்றவர் ஆகியோரை நடுமதிப்பு நீக்குவதில்லை. பாதிக்கும் மேற்பட்ட படங்களில் அவர்கள் அங்கேயே இருக்கின்றனர். அவர்களை நீக்க வேண்டுமாயின் கூட்டுநர் ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுத்தே நீக்க வேண்டும். மாடலுக்கு ஏற்றதெனக் கருதப்படும் இடமும் பெரும்பாலும் தெருமுனையை ஒட்டிய அந்நடைபாதை விளிம்பே. உணவுவண்டியை அழிப்பவர் அதன் வீழ்நிழலையும், சக்கரங்களின் கீழுள்ள ஒட்டுநிழலையும், கடைக்காரரின் கால்பட்ட இடத்துக் கருங்கோட்டையும் தேடி அழிக்கிறார். அதன் பின்னரே அதே தரையில் மாடலின் கால்களுக்கு நிழல் வரைய முடிகிறது.